பதினோராம் ஜன்னல்

பத்து மணிக்கு ஒன்பது நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டு ஜன்னல்களும் திறந்துவிட்டன. வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, ஜன்னலுக்கு ஒரு முகம், முகத்துக்குக் கீழே ஓர் எண். பெயரைக் காட்ட மாட்டார்கள், காட்டினால் பாரபட்சம் வந்துவிடுமாம். எழுதுகிறவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதுவார்கள். நான் தூத்துக்குடியில் என் வாடகை அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் அவர்களைப் பார்ப்பேன். அவர்களுக்கு என் முகம் தெரியாது, குரல் கேட்காது, மூலையில் ‘கண்காணிப்பாளர்’ என்ற ஒரு சொல் மட்டும் தெரியும். எந்த ஜன்னலை அழுத்துகிறேனோ அது பெரிதாகும், அதன் சத்தம் மட்டும் என் காதுக்கு வரும், மற்ற பதினொன்றும் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி ஊமையாகிவிடும். இவற்றுக்குப் பின்னால் இன்னும் மூன்று ஜன்னல்கள். விதிமுறைகளுக்கு ஒன்று, எழுதுகிறவர்களோடு தட்டச்சில் பேச ஒன்று, சென்னையில் இருக்கிற மேற்பார்வையாளர் ரெஜினா மேடத்துக்கு ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும், தாவுவதுதான் வேலை. இரண்டு வருஷத்தில் என் இடது கைக் கட்டைவிரல் தானாகவே தாவக் கற்றுக்கொண்டுவிட்டது, சாப்பிடும்போதுகூட அது தட்டின் விளிம்பில் அசைகிறது. வழக்கம்போல ஒன்றிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டில் நெற்றி நிறைய விபூதி, ஐந்தில் கொட்டாவி, ஒன்பதில் ஒருத்தி சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், பத்தில் வெறும் நாற்காலி, பதினொன்றில் சுகந்தி. என் மனைவி. சட்டப்படி இன்னும் மனைவிதான், வழக்கு கோவில்பட்டி கோர்ட்டில் கிடக்கிறது. முடியை வெட்டியிருந்தாள். என்னோடு இருந்தவரை இடுப்பு வரைக்கும் இருந்த முடி, யாரைக் கேட்டு வெட்டினாள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் அடடா இவளா என்ற எண்ணமே வந்தது. அந்த வரிசையில் வந்ததற்காக எனக்கு வெட்கம் இல்லை, எண்ணம் வருகிற வரிசைக்கு யார் பொறுப்பு.

தெரிந்த முகம் வந்தால் உடனே ரெஜினா மேடத்துக்குச் சொல்ல வேண்டும், அந்த ஜன்னலை வேறு கண்காணிப்பாளருக்கு மாற்றிவிடுவார்கள், விதி நான்கு. ரெஜினாவின் ஜன்னலுக்குத் தாவி ‘மேடம், பதினொன்று’ என்று தட்டினேன், அழித்தேன். சொல்லத்தான் போகிறேன், தேர்வு தொடங்கட்டும், தொடங்குகிற நேரத்தில் அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். பத்து மணிக்குத் திரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெளுத்து வினாத்தாள் இறங்கியது, பன்னிரண்டு முகங்களிலும் ஒரே வெள்ளை வெளிச்சம் விழுந்தது. அப்போதுதான் இது என்ன தேர்வு என்று மறுபடி பார்த்தேன். ஐரோப்பாவில் ஒரு மருத்துவமனைக்குச் செவிலியர் எடுக்கிறார்கள். தேறினால் மூன்று மாதத்தில் விமானம். நிறுத்தப்பட்டால் அடுத்த மூன்று வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒரு ஜன்னலுக்கு மூன்று மஞ்சள் கொடி, மூன்றாவது விழுந்ததும் தேர்வு தானாக நின்றுவிடும். இதையெல்லாம் நான் காலையில் பல் துலக்கிக்கொண்டே படித்திருந்தேன், யாருக்கோ உள்ள சங்கதி என்று படித்திருந்தேன். பதினொன்றை அழுத்தினேன். பெரிதானாள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. சுகந்தி யோசிக்கும்போது மூக்கால் மூச்சை விட்டு விட்டு இழுப்பாள், படுக்கையில் பக்கத்தில் கிடந்து அதைக் கேட்டு, என்னத்த யோசிக்க, யார யோசிக்க என்று எழுப்பிக் கேட்டிருக்கிறேன். தூங்குதேன் என்பாள். தூங்குகிறவள் இப்படியா மூச்சு விடுவாள். ஹெட்போனின் பஞ்சு வியர்த்துக் காதில் ஒட்டியது. என்னோடு இருந்த மூன்றரை வருஷமும் அவள் போனைத் தினம் பார்த்தேன், திறந்து வைத்திருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் பார்த்தேன், ஒன்றும் இருந்ததில்லை, ஒன்றுமே இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது பார், பார்ப்பதற்கு எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். சொல்லிவிட வேண்டும். பத்தரைக்குச் சொல்கிறேன். ஏழாம் எண் தலையைக் குனிந்தது, தாவினேன், பென்சிலை எடுக்கத்தான் குனிந்தது, திரும்பத் தாவி வந்தேன், அவள் அதே இடத்தில் இருந்தாள், எனக்கு ஆறுதலாக இருந்தது, அந்த ஆறுதலை வெறுத்தேன்.

பத்து நாற்பதுக்கு அவளுக்குப் பின்னால் இருந்த கதவு அசைந்தது. முதலில் ஒரு கை, பிறகு ஒரு தலை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அது யாரோ ஒரு பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைத்துத்தான் விரல் கொடியின் மேல் போய் நின்றது. அது உள்ளே ஓடி வந்து சுகந்தியின் தோளில் நாடியை வைத்துத் திரையைப் பார்த்தது. அந்தக் காது. மேல்நுனி மடங்கின காது, என்னுடையது, என் அப்பாவுடையது. இரண்டரை வயதில் கடைசியாகப் பார்த்தேன், இப்போது ஐந்து முடிந்திருக்கும். அதன் பெயர் செவ்வந்தி. பெயர் வைத்தது அவள், நான் வேறு பெயர் சொன்னேன், சபையில் என் வாயை அடைத்துவிட்டார்கள். மாதத்தில் முதல் ஞாயிறு கோர்ட்டு வளாகத்தில் போய்ப் பார்க்கலாம் என்று உத்தரவு இருந்தது, இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அது என்னைப் பார்த்துச் சுகந்தியின் துப்பட்டாவுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஊரே பார்க்க ஒரு வேப்பமரத்தடியில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாமாகப் போய் நின்றால் இளக்காரம், அதுவாகத் தேடி வரட்டும் என்று விட்டுவிட்டேன். தேடி வந்திருக்கிறது. “எம்மா, தாத்தா தூங்கிட்டாரு, எனக்கு இந்த மூடியத் தொறந்து தா” என்றது. குரல் இப்படி இருக்குமா, இவ்வளவு கனமாக, சளி பிடித்த மாதிரி. சுகந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எம்மா எழுதுதேன்லா, ஏட்டி தங்கம், வெளிய போ” என்று உதடு அசையாமல் சொன்னாள். பிள்ளை தண்ணீர் பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டது. எல்லாம் சேர்த்து பதினைந்து நொடி இருக்கும். அறைக்குள் இன்னொருவர் வந்தால் ஒரு கொடி. அழுத்தினேன். இது விதி, யாராக இருந்தாலும் அழுத்தியிருப்பேன், ஒன்பதாம் எண்ணாக இருந்தாலும் அழுத்தியிருப்பேன். அவள் திரையின் மூலையில் மஞ்சள் கொடி முளைப்பதை அவள் கண் பார்த்தது, கண்ணில் வந்த பயம் எனக்குப் பழக்கமான பயம், என் வீட்டில் வளர்ந்த பயம், என்னவோ பழைய சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

நான் கெட்டவன் இல்லை. இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கதவு தெரிகிற மாதிரி கேமராவை வைத்திருக்கிறாள், ஆனால் பாதிதான் தெரிகிறது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது, பிள்ளை எங்கே படுக்கிறது, ஆணியில் ஆம்பளைச் சட்டை எதுவும் தொங்குகிறதா. அறையைச் சுற்றிக் காட்டச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் சொல்லலாம், எனக்குச் சந்தேகம் எப்போதுதான் இல்லை. பேசுகிற ஜன்னலுக்குத் தாவி, லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டவும் என்று தட்டினேன். உடனே தூக்கினாள். ஏன் என்று கேட்கவில்லை. என்னோடு இருந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்பாள், யாரோ ஒரு கண்காணிப்பாளர் சொன்னால் மட்டும் கேட்க மாட்டாள். சுவர் நகர்ந்தது. நாட்காட்டி, மிதிக்கிற தையல் மெஷின், மேலே மடித்த யூனிஃபார்ம், பிள்ளையின் புத்தகப் பை, கட்டில் காலில் காயப் போட்ட இரண்டு சின்ன ஜட்டி. மெதுவாக என்று தட்டினேன். மெதுவாகக் காட்டினாள். ஆம்பளைச் சட்டை இல்லை. இல்லை என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கதவு வந்தது. கதவில் தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டையும், பெயின்ட் படாத ஒரு நீளமான தழும்பும். கதவைத் தாழிட்டு எழுத வேண்டும் என்பது விதி, தாழ்ப்பாள் எங்கே என்று தட்டினேன். பதில் வந்தது. ‘வீட்டில் எல்லா தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டோம் சார். குழந்தைக்குக் கதவு பூட்டினால் பயம். மன்னிக்கணும்.’ கட்டைவிரல் தானாக வேறு ஜன்னலுக்குத் தாவியது, நான்குக்கு, எட்டுக்கு, விதிமுறைகளுக்கு, விதிமுறைகளில் தாழ்ப்பாள் என்ற சொல்லையே தேடிக்கொண்டு நின்றது. நான் அவர்களைப் பூட்டி வைத்தது இரண்டு மணி நேரம்தான். கோர்ட்டில் ஐந்து மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தாள், பொய், இல்லை, பொய் இல்லை, நாலே முக்கால். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போக வேண்டாம் என்றேன், போவேன் என்றாள். நான் ஒன்றும் அடிக்கவில்லை. வெளியே வந்து வெளித்தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டைத் தொங்கவிட்டேன், அவ்வளவுதான். எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள். கூப்பாடு போடுவாள், தெரு கூடும், நானும் நாலு வார்த்தை பேசலாம் என்றுதான் காத்திருந்தேன். அவள் வாயைத் திறக்கவே இல்லை. பிள்ளைதான் கத்தியது. உள்ளே பால் தீர்ந்திருக்கும், எனக்குத் தெரியும், காலையில் நான்தான் வாங்கவில்லை. ஒரு டீ குடித்தேன், இன்னொரு டீ குடித்தேன், கடைசியில் பிள்ளையின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. இங்கே சுருக்கி வைத்திருக்கிற ஜன்னல்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும், வாய் அசையும், சத்தம் வராது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எப்படி ஞாபகம் இருக்கும். இவள் சொல்லிக் கொடுத்திருப்பாள். ஆமாம், சொல்லித்தான் கொடுத்திருப்பாள்.

கதவுக்குப் பின்னால் எதையாவது தள்ளி வைக்கவும் என்று தட்டினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு பெட்டியை இழுத்தாள். சக்கரம் வைத்த பெரிய பெட்டி, புத்தம் புதுசு, பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அதைக் கதவோடு சேர்த்து வைத்தாள். அது கனம் போதவில்லை என்று பட்டதோ என்னவோ, மறுபடி குனிந்து இன்னொரு பெட்டியை இழுத்து அதன் மேல் வைத்தாள். இரண்டாவது சின்னப் பெட்டி, ரோஸ் நிறம், காது நீண்ட முயல் படம் போட்டது. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போன் கழன்றுவிட்டதா என்று தொட்டுப் பார்த்தேன், காதில்தான் இருந்தது. தனியாகப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் போய்விட்டால் பிள்ளை மாமனாரிடம் இருக்கும், தூங்கி விழுகிற கிழவர், நான் போய் அழைத்துக்கொண்டு வந்துவிடலாம், இப்படி ஒரு கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அந்த முயலைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முயலையும் கூட்டிக்கொண்டு போகிறாள். மூன்று மாதம். பனி பெய்கிற ஊரில் என் காதை வைத்துக்கொண்டு அது வேறு பாஷை பேசும். வளர்ந்து எங்காவது எதிரில் வந்தால் இன்றைக்கு மாதிரியே எனக்கு அடையாளம் தெரியாது. சுகந்தி உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள், வேகமாக எழுதினாள், விட்ட நேரத்தைப் பிடிக்கிறாள், விடை எல்லாம் தெரிகிறது அவளுக்கு, ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையை லேசாக ஆட்டிக்கொள்கிறாள். பிள்ளையே, வா. வந்து கதவைத் தள்ளு. நான் அதைக் கூப்பிடவில்லை, கூப்பிட என்னால் முடியாது, நினைத்தேன், அவ்வளவுதான். பதினொன்று இருபதுக்குப் பெட்டி அசைந்தது. கதவு இரண்டு விரற்கடை திறந்து பெட்டியில் இடித்து நின்றது. இடுக்கில் நான்கு விரல்கள். “எம்மா, கதவு தொறக்க மாட்டேங்கு.” சுகந்தியின் தோள் இறுகியது. “எம்மா, கதவப் பூட்டிட்டியா? எம்மா, பூட்டாதம்மா, நான் சேட்டை பண்ண மாட்டேன், பூட்டாதம்மா.” அழுகை ஒரே வீச்சில் மேலே ஏறியது. சுகந்தி திரும்பவில்லை. திரும்பினால் கொடி என்று அவளுக்குத் தெரியும். கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே எழுதினாள், கன்னத்தில் நீர் இறங்கியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. சத்தம் வேண்டாம் என்றால் நான் ஆறாம் ஜன்னலை அழுத்தினால் போதும், எனக்குக் கேட்காது, எனக்குக் கேட்காவிட்டால் நடக்காத மாதிரிதான், வெளிக்குரலுக்குக் கொடி போட நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டேன். முழுவதும் கேட்டேன். இரண்டாவது கொடியை அழுத்தினேன்.

“சேர்மத்துரை, லைன்ல இருக்கீங்களா?” ரெஜினா மேடத்தின் குரல் அழுகைக்கு மேல் வந்து உட்கார்ந்தது. “பதினொண்ணுல ரெண்டு ஃபிளாக் காட்டுதே, என்ன ஆச்சு?”

“குழந்தை மேடம். வெளிய நின்னு அழுது.”

“அச்சோ. சின்னக் குழந்தையா?”

“அஞ்சு வயசு.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன், பார்த்தால் அப்படித் தெரிகிறது மேடம் என்று சேர்த்தேன்.

“பாவம்ங்க. எனக்கும் வீட்ல ஒண்ணு இருக்கு, கதவ மூடினா வீட்டையே ரெண்டாக்கிடும். குழந்தைதான்னா விட்டுடுங்க, அந்த ரெண்டாவது ஃபிளாக்க நான் எடுத்துடறேன். அவங்க நிம்மதியா எழுதட்டும். வேற ஒண்ணும் சந்தேகம் இல்லையே?”

இல்லை என்று ஒரு சொல். அல்லது, மேடம், இது என் மனைவி, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வேறு ஆளுக்கு மாற்றிவிடுங்கள் என்று ஒரு வாக்கியம். வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது, உண்மையாகவே வந்தது, அதன் ருசிகூட இருந்தது. அந்த நேரத்தில் சுகந்தி மறுபடி தலையை லேசாக ஆட்டிக்கொண்டாள். பிள்ளை அப்படிக் கதறுகிறது, இவளுக்கு ஒரு விடை சரியாக வந்துவிட்டது. “ஒரு சந்தேகம் இருக்கு மேடம்,” என்றேன். என் குரல் நன்றாக இருந்தது, அலுவலகக் குரல். “வாய் அசையுது. வெளிய இன்னொரு ஆள் இருக்கற மாதிரி தெரியுது. குழந்தை அழுகற சாக்குல யாரோ பதில் சொல்றாங்கன்னு நினைக்கேன்.” ரெஜினா மேடம் கேட்டார், “நிச்சயமாவா?” நிச்சயம் என்றேன். “நீங்கதான பாக்கறீங்க. அப்ப விதி என்னவோ அதப் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, வேறு யாரோ கூப்பிட, போய்விட்டார். மூன்றாவது கொடியின் மேல் விரலை வைத்தேன். விரல் கனக்கும் என்று எதிர்பார்த்தேன், கனக்கவில்லை, ஒரு சின்ன டிக் சத்தம், மற்ற நாளில் கேட்கிற அதே சத்தம்.

மூன்றாவது விழுந்ததும் ஜன்னல் உடனே மூடாது. அறுபது நொடி விடுவார்கள். தவறுதலாக அழுத்தியிருந்தால் கண்காணிப்பாளர் அதற்குள் திரும்பத் திறக்கலாம், அதற்கு ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது, ஜன்னலுக்கு அடியில், எண்கள் குறைந்துகொண்டு வருகிற இடத்துக்குப் பக்கத்தில். ஐம்பத்தெட்டு. உங்கள் தேர்வு நிறுத்தப்பட்டது என்ற வரியைச் சுகந்தி படிப்பது தெரிந்தது, இரண்டு தடவை படித்தாள். உடனே பேசுகிற ஜன்னலில் தட்டினாள். ‘சார் குழந்தைதான் சார். வேற யாரும் இல்ல. மூணு வருஷமா படிச்சேன் சார். ப்ளீஸ்.’ அந்த ப்ளீஸை அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது எப்போது என்று யோசித்தேன். நாற்பத்தேழு. பதில் வராது என்று தெரிந்ததும் எழுந்தாள். அழவில்லை, அதுவரை அழுதவள் இப்போது அழவில்லை, முகத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் பெட்டிகளை இழுத்தாள், கதவு திறந்தது, பிள்ளை அவள் காலில் வந்து மோதியது. தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். முப்பத்தொன்பது. இப்போது பிள்ளையின் முகம் ஜன்னல் முழுவதும் இருந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. இடது புருவத்தில் ஒரு மச்சம், அது முன்பு இருந்ததா, இருந்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேனா. பச்சைப் பொத்தானை அழுத்தலாம், அழுத்தத்தான் போகிறேன், அழுத்தினால் சுகந்தி பிள்ளையை இறக்கி வெளியே அனுப்பிவிடுவாள், கொஞ்சம் பார்த்துக்கொண்டு அழுத்துகிறேன், நேரம் இருக்கிறது. “எம்மா, எழுதிட்டியா?” என்றது விக்கலோடு. “எழுதிட்டேன்.” “அப்போ நாம பிளேன்ல போவோமா?” சுகந்தி துப்பட்டாவின் நுனியை அதன் மூக்கில் வைத்தாள். “மூக்கச் சிந்து,” என்றாள். சிந்தியது. இருபத்திரண்டு. பிள்ளை திரையை உற்றுப் பார்த்தது, நேராக என்னைத்தான் பார்த்தது, வேறு எங்கே பார்க்கும், “இதுல யாரு இருக்கா?” என்றது. “ஒரு சார்.” “அவங்க வீடு எங்க இருக்கு?” “தெரியாதுட்டி.” “அவங்களும் வீட்டுக்குப் போவாங்களா?” “போவாங்க.” பதினொன்று. அந்தப் பல் விழுந்த இடத்தில் நாக்கு நுனி வந்து வந்து போயிற்று. இப்போது அழுத்துகிறேன். பிள்ளை கையைத் தூக்கி விரல்களை மடக்கி மடக்கி, “டாட்டா சார்,” என்றது. என் கையும் மேலே போயிற்று, மவுஸின் மேல் இருந்த கை, பொத்தானுக்குப் போக வேண்டிய அதே கை, யாருக்கும் தெரியாத இந்த அறையில் காதுவரைக்கும் எழும்பி விரல்களை மடக்கியது. ஜன்னல் சாம்பல் நிறமாயிற்று. சத்தம் நூல் அறுந்த மாதிரி நின்றது. சாம்பலும் போய் மற்ற பதினொன்றும் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாகி அந்த இடத்தை அடைத்துக்கொண்டன.

“பதினொண்ணு முடிச்சாச்சா?” என்று ரெஜினா மேடம் கேட்டார்.

“முடிச்சாச்சு மேடம்,” என்றேன். கையை இறக்கிப் பன்னிரண்டாம் ஜன்னலைப் பெரிதாக்கினேன்.